தேசிக்காய் பூசச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் விஷச்செடி பட்டால் வீட்டிலேயே செய்யக்கூடிய வைத்தியம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில், அரிக்கிற இடத்தில் எலுமிச்சைச் சாற்றை, அதுதான் தேசிக்காய்ச் சாற்றை, தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று ஒரு வரி. அதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

நான் அப்படித்தான் செய்தேன். சில வருடங்களுக்கு முன் பார்த்தீனியம் என்கிற களைச்செடியைப் பிடுங்கி முழங்கை மடிப்பெல்லாம் தடித்துப்போக, தேசிக்காயை வெட்டித் தேய்த்துவிட்டு மத்தியான வெயிலில் வெங்காயத்துக்குக் களை எடுக்கப் போனேன். மறுநாள் எரிவு. அதற்கு அடுத்த நாள் கொப்புளம். பிறகு சாறு வழிந்த தடம் அப்படியே கறுத்து, மறைய மாதக்கணக்கானது. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் படக்கூடாது, பட்டால் சுட்டதுபோல் வெந்துவிடும் என்று தோல் வைத்தியர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தோட்டத்தில் நிற்கிற சனம் வெயிலை விட்டு எங்கே போவது? உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எப்படி அந்த வரியை விட்டீர்கள்?

அந்தக் கட்டுரை முழுக்கப் பொய்சன் ஐவியைப் பற்றியது. மூன்று மூன்று இலையாக வரும், கண்டால் விலகுங்கள் என்கிறது. அது வட அமெரிக்காவில் முளைக்கிற செடி. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் யார் அதைக் காணப்போகிறார்கள்? அந்தச் செடியின் குடும்பத்தில்தான் எங்கள் மாமரமும் கஜு என்கிற மரமுந்திரிகையும் இருக்கின்றன. கறுத்தக்கொழும்பான் மாங்காயைக் காம்போடு கடித்த பிள்ளைக்கு வாய் ஓரம் வெந்துபோவதும், பச்சைக் கஜு உடைக்கிற பெண்களின் விரல் தோல் உரிவதும் அதனால்தான். என் அம்மம்மா கையில் தேங்காயெண்ணெய் பூசாமல் கஜுக்கொட்டையைத் தொடவே மாட்டா. இதில் ஒரு சொல்லாவது எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

இது முதல் தடவையும் இல்லை. விவசாயப் பக்கத்தில் மலைநாட்டு லீக்ஸும் கரட்டும் நடுகிற முறையை எத்தனை வாரம் போட்டீர்கள்! எங்கள் செம்மண்ணுக்கு என்ன வரும் என்று கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை.

பார்த்தீனியத்தைப் பற்றி நாங்கள் சொல்லாமல் யார் சொல்வது? இந்திய இராணுவம் வந்து போன காலத்தோடு ஊருக்குள் வந்த செடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1995 ஐப்பசியில் யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் போனோமே, 1996இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவு முழுக்க அதுதான் பூத்து நின்றது. என் வீட்டுக்காரர் வெறுங்கையால் பிடுங்கினார். பல வருடம் ஒன்றும் செய்யவில்லை. திடீரென்று ஒருநாள் கண்மடல் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்தது. அதன் பிறகு பக்கத்துக் காணியில் அது பூத்தாலே அவருக்குத் தாங்காது. ஒவ்வாமை அப்படித்தான், பட்டுப் பட்டு ஒருநாள் பிடித்துக்கொள்ளும்.

இது இப்படியிருக்க, ஒரு பாடசாலைப் பிள்ளைகள் பார்த்தீனியம் பிடுங்கும் படத்தைப் பாராட்டி முன்பொருமுறை போட்டிருந்தீர்கள். கையுறை இல்லை, அரைக்கைச் சட்டை, செடியெல்லாம் பூத்து விதை உதிர்கிற பருவம். என் பேரனும் அந்தப் படத்தில் நின்றான். மூன்று இரவு அவன் தூங்கவில்லை.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். செடி பட்ட உடனே கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஐவிக்கும் அதுதான் முதல் வைத்தியம், அதன் பிசின் ஊறுவதற்குள் கழுவ வேண்டும். உடுப்பையும் கத்தி மண்வெட்டியையும் கழுவ வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துவாய், அப்பச்சோடாவைக் குழைத்த பூச்சு, அல்லது பாமசியில் விற்கிற கலமைன் பூச்சுமருந்து. காஞ்சோண்டி என்கிற சுணைச்செடி பட்டால் தேய்க்கவே கூடாது, சுணை உள்ளே போகும். பிளாஸ்டரை ஒட்டி உரித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். பிடுங்கிய செடியைக் கொளுத்தி அந்தப் புகையில் நிற்கவும் கூடாது. கள்ளிப்பால் கண்ணில் பட்டாலோ, முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் எல்லாம் வேண்டாம், கண்ணைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உங்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே இடத்தில், தேசிக்காய் பூசிக்கொண்டு வெயிலில் போக வேண்டாம் என்று இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைப் போட இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டு வரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
கோப்பாய்.