பிறந்த வீட்டுக்குப் போன வண்டி

மேற்கு மாம்பலம்,
ஏப்ரல் 6

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாதபோது வந்து, மின் கட்டண ரசீதுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே பதினைந்து நாள் கிடந்திருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மனைவியும் அதையே சொன்னால் நம்புகிறேன். கடைசி வரியில், "அந்தத் தகரத்தை இன்னும் விற்கவில்லையா?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

விற்கவில்லை. அதை ஓட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போய்விட்டேன்.

சிரிக்காதே. அப்பா 1972-இல் வாங்கிய அதே அம்பாசிடர் மார்க் 2 தான். கல்லூரி நாட்களில் பின்னால் நின்று நீ தள்ளிய தூரத்தையெல்லாம் கூட்டினால் செங்கல்பட்டு வரை வரும். மார்ச் முதல் வாரத்தில் நானும் என் மைத்துனரும் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். தேசிய நெடுஞ்சாலை 16, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். நான்கு நாளில் போய்ச் சேர்வதாகத் திட்டம். ஏழு நாள் ஆயிற்று. ஏன் கல்கத்தா என்றால், அதற்குப் பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் உத்தர்பாராவில்தான் இந்த வண்டி செய்யப்பட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் உழைத்துவிட்டது, ஒருமுறையாவது பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவோமே என்று தோன்றிவிட்டது. இந்தக் காரணத்தை என் மனைவியிடம் சொன்னபோது அவள் பதிலே சொல்லவில்லை. தன் தம்பியைத் துணைக்கு அனுப்பி வைத்தாள்.

முதல் மக்கர் காவலி தாண்டியதும். உச்சி வெயில். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்புக்குத் திரவத்தை இழுக்கத் தெரியும், ஆவியை இழுக்கத் தெரியாது. ஓட்டுநர்கள் ஏர் லாக் என்பார்கள். அப்பாவின் கைவைத்தியம் நினைவிருக்கிறதா, ஈரத்துணி? மைத்துனரின் புதுத் துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிவிட்டு, வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அதற்குள் பத்துப் பேராவது வண்டியை நிறுத்தி எங்கள் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு லாரி ஓட்டுநர் தன் மனைவிக்கு வீடியோ அழைப்புப் போட்டு, முன்விளக்கிலிருந்து டிக்கி வரை சுற்றிக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி ஓடாமல் நின்றதற்குப் பெருமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது நிறுத்தம் அன்னவரத்துக்குச் சற்று முன்னால். இதைத்தான் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடந்ததிலிருந்தே இன்ஜின் ஓட்டத்தில் ஒரு நொண்டல் இருந்தது. மேடு ஏறும்போது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் இருந்தது. கார்புரேட்டரில் அழுக்கு என்று நானே முடிவு கட்டி, சாலையோரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிறகு வண்டி கிளம்பவே இல்லை. இதை என் மைத்துனர் போனில் ஒப்பிக்க, மறுமுனையில் என் மனைவி, "1888-இல் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மாள் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறாள். பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாளாம். உன் அத்திம்பேரிடம் இரண்டு பெட்டி ஸ்பானர் இருக்கிறதே" என்றாளாம். எங்கே படித்தாளோ தெரியவில்லை.

பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் யாரையோ அழைத்தார். கால் மணி நேரத்தில் மொபெட்டில் ஒரு பெரியவர் வந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல். "ஏமைந்தி?" என்றார். நான் தமிழில் சொன்னேன், அவர் தெலுங்கில் கேட்டார். ஸ்பானர், பெட்ரோல், கரண்ட் ஆகியவை இரண்டுக்கும் பொது. நான் கழற்றிய கார்புரேட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரு முகத்தில் கருகிய குழி, எதிர் முகத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மேடு. பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் களைத்துப் போனால் இப்படித்தான் ஆகுமாம், ஒவ்வொரு பொறியிலும் இங்கிருந்து கொஞ்சம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் பிஸ்கெட் டப்பா ஒன்று டிக்கியில் கிடந்தது. குப்பை என்று மைத்துனர் தூக்கிப் போடப் பார்த்த டப்பா. அதற்குள் ஒரு கண்டென்சர் இருந்தது, காகிதம்கூடப் பிரிக்காமல்.

உப்புத்தாளால் இரண்டு முகங்களையும் இழைத்தார். மைத்துனரை ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றச் சொல்லி, பாயிண்ட் முழுதாகத் திறந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு என்னிடம் கை நீட்டி, "கார்டு" என்றார். நான் பதறி ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். சிரித்துவிட்டு, என் பணப்பையின் இடுக்கில் துருத்திக்கொண்டிருந்த விசிட்டிங் கார்டை அவரே உருவிக்கொண்டார். அதைப் பாயிண்டின் இடையில் செருகி, உரசியும் உரசாமலும் வழுக்கும்படி வைத்துத் திருகாணியை முடுக்கினார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி அது. ஓய்வுபெற்று ஆறு வருடத்தில் அந்த அட்டை பயன்பட்டது அன்றைக்குத்தான். "துணைப் பொது மேலாளர்" என்ற எழுத்தின் குறுக்கே ஒரு கறுப்புக் கோட்டுடன் திருப்பிக் கொடுத்தார். கூலி 300 ரூபாய். கூடவே, மொபெட் பையிலிருந்து அன்னவரம் கோயில் பிரசாதம் ஓர் இலைப் பொட்டலம். கோதுமை ரவையும் வெல்லமும் நெய்யுமாக, இதற்காகவே இன்னொரு முறை அங்கே பழுதாகலாம்.

ஒடிசாவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில்கா ஏரிக்கரையில் பாலுகாவ் அருகே ரேடியேட்டர் ஹோஸ் கசிந்தது. சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினோம். கட்டக்குக்கு முன்னால் பேன் பெல்ட் அறுந்தது. சென்னையில் பார்த்துப் பார்த்து வாங்கிய உபரி பெல்ட் வேறு ஏதோ வண்டியுடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. சரியானதைத் தேடி ஒரு நாள் போயிற்று. அதன் பிறகு நீலப் புகை. பாலாசோர் தாண்டியதும் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது.

அப்படியே உத்தர்பாரா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014 மே மாதமே நின்றுவிட்டது, தெரிந்துதான் போனேன். அம்பாசிடர் என்ற பெயரைக்கூட 2017-இல் பெஜோ என்கிற பிரெஞ்சு கார் நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. தொழிற்சாலைக்காகப் பெயர் வைத்த ஹிந்த்மோட்டார் ரயில் நிலையம் மட்டும் இன்னும் இருக்கிறது, ஹௌரா மின்ரயில்கள் நின்று போகின்றன. ஆனாலும் மனத்துக்குள் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். நரைத்த தொழிலாளி ஒருவர் வருவார், பானெட்டைத் தடவுவார், கண் கலங்குவார். வந்தவர் டீக்கடைக்காரர். கடையை மறைக்கிறது, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று சைகை காட்டினார். தள்ளி நிறுத்தினோம். மண் குவளையில் டீ குடித்தோம். வழியெல்லாம் ஊர்வலம் போல் பார்க்கப்பட்ட வண்டியை அங்கே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறந்த வீட்டில் ஆரத்தி எடுக்க ஆள் இல்லை. பார்க்கப் பார்க்கச் சலித்த முகம் போலிருக்கிறது. மைத்துனர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டார். எனக்கும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்தது.

கல்கத்தாவின் மஞ்சள் அம்பாசிடர் டாக்சிகள், பதினைந்து ஆண்டு ஆனவை ஓடக்கூடாது என்ற விதியால் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனால் அவற்றைப் பிரித்து மாட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில்தான் வண்டியை விட்டிருக்கிறேன். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் மாட்ட வேண்டும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எந்த சிலிண்டர் முதலில் போனது என்று அங்கிருந்த மெக்கானிக் சொன்னார், திறந்து பார்த்தால் அதேதான். மழைக்காலம் முடியும் வரை வண்டி அங்கேயே நிற்கும். நாங்கள் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினோம்.

டிசம்பரில் போய் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மைத்துனருக்கு விடுமுறை இல்லையாம். இருந்தாலும் வரமாட்டார் என்று நினைக்கிறேன். நீ வருகிறாயா? முன் இருக்கை முழுநீள இருக்கை, காலை நன்றாக நீட்டிக்கொள்ளலாம். தள்ளுவதிலிருந்து உனக்கு விலக்கு. ரயில் டிக்கெட் அறுபது நாள் முன்னால்தான் எடுக்க முடியும், மருத்துவரிடம் கேட்க நிறைய அவகாசம் இருக்கிறது.

இன்னொன்று. டிக்கி சாவி என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. ஹேண்டில், ஜாக்கி, அப்பாவின் டப்பா எல்லாம் உள்ளே. அவசரமில்லை என்று மெக்கானிக் சொல்கிறார். ஸ்பீட் போஸ்டில் அனுப்புவதா, டிசம்பரில் கையோடு கொண்டுபோவதா என்று உன் பதில் வந்ததும் முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஓட்டுநர்