பாக்கெட்டில் இல்லாததை நீ சேர்

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ராத்திரி சாப்பாடு நூடுல்ஸ்தான் என்று நீ அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா திட்டினாள். அவள் கவலை அவளுக்கு. எனக்கு அதில் கோபம் இல்லை. ஆபீஸ் முடிந்து, புனே டிராபிக்கில் சிக்கி, அறைக்கு வந்து சேரும் பிள்ளை அதற்கு மேல் சாம்பார், பொரியல் என்று அடுப்போடு மல்லுக்கட்ட முடியாது. பசிக்கிற நேரத்தில் கைக்குக் கிடைப்பதைச் சாப்பிடு. ஆனால் பாக்கெட்டில் வருவதை அப்படியே சாப்பிடாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

மெஸ்ஸில் யாராவது குழம்பு சப்பென்று இருக்கிறது என்று சொன்னால், நான் உப்பு டப்பாவைத் தொடும் முன் புளிப்பு எட்டுகிறதா என்று பார்ப்பேன். பாதி நேரம் குறை அங்கேதான் இருக்கும். பாக்கெட் சாப்பாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதில் மாவு, எண்ணெய், உப்பு, காரம் நான்கும் தாராளமாக இருக்கும். பெரும்பாலும் புளிப்பு இருக்காது. பச்சையாக எதுவும் இருக்காது. முட்டை, பயறு என்று உடம்பில் ஒட்டுகிற எதுவும் இருக்காது. அப்போதுதான் தாளித்த வாசனை இருக்கவே இருக்காது, அது மாதக்கணக்கில் பைக்குள் தங்குகிற சரக்கு இல்லை. இல்லாததை மட்டும் சேர்த்தால் போதும். பலர் இருப்பதையே மேலும் போடுகிறார்கள்: நூடுல்ஸ் மேல் சாஸ், அதன் மேல் சீஸ், தொட்டுக்கொள்ள சிப்ஸ். எல்லாம் உப்பு மேல் உப்பு.

நூடுல்ஸையே முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஏற்கெனவே எண்ணெயில் பொரித்தவை. ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ என்பவர் 1958-இல் கண்டுபிடித்த வழி அது. வெந்த நூடுல்ஸைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அது போன இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாக நிற்கும். அப்புறம் வெந்நீரில் போட்டதும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியே சட்டென்று உள்ளே ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் வேகிறதே, அதனால்தான். எண்ணெய் அதிலேயே இருப்பதால், நீ தாளிக்க ஒரு ஸ்பூனுக்கு மேல் ஊற்றாதே.

சின்ன வாணலியை வை. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கடுகு போட்டு வெடிக்க விடு. நசுக்கிய பூண்டு இரண்டு பல், கீறிய பச்சைமிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அடுத்து நீளவாக்கில் நறுக்கிய அரை வெங்காயம். இங்கே அவசரப்படாதே, பாப்பா. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். ஓரங்கள் பழுப்பாகி ஒரு இனிப்பு வாசனை வரும், அதுவரை நில். நூடுல்ஸ் வேகிற நேரத்தை விட வெங்காயம் வதங்குகிற நேரம் கூடுதலாக இருக்கட்டும். அப்புறம் ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ், முடிந்தவரை மெல்லியதாக. முட்டைக்கோஸைச் சொல்வதற்குக் காரணம், விலை குறைவு, பிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கெடாது, மெல்ல நறுக்கினால் நூடுல்ஸோடு சேர்ந்தே வெந்துவிடும். தண்ணீர், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை விடக் கொஞ்சம் குறைவாக.

தண்ணீர் கொதித்ததும் நூடுல்ஸைப் போட்டு, மசாலாவில் பாதியை மட்டும் போடு. நூடுல்ஸ் இளகியதும் கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்று. கிளறாதே. மூடி வை. வெள்ளை இறுகி, நடுவில் மஞ்சள் லேசாகத் தளும்பும்போது அடுப்பை அணை. அணைத்த பிறகுதான் எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்க் கசப்பு தட்டும். மசாலா பாதிதானே, உப்புப் பற்றாதோ என்று நினைக்காதே. புளிப்பு சேர்ந்தால் இருக்கிற உப்பே நாக்குக்குத் தூக்கலாகத் தெரியும். மீதி மசாலாவை டப்பாவில் போட்டு வை, அவித்த உருளைக்கிழங்குக்கு ஆகும்.

இதைச் சமையலே இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதே. மலேசியாவில் நம் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் மேகி கோரெங் என்று ஒன்று உண்டு. இதே பாக்கெட் நூடுல்ஸ்தான். அரைவேக்காட்டில் வடித்து, அகலமான சட்டியில் பெரிய தீயில் முட்டை, டோஃபு, முளைப்பயறு, மிளகாய் விழுதோடு புரட்டி, தட்டின் ஓரம் ஒரு சின்ன எலுமிச்சை வைத்துக் கொடுப்பார்கள். கடையில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிற பண்டமாக அதை ஆக்கியிருக்கிறார்கள். நீயும் செய்யலாம். டோஃபுவுக்குப் பதில் பன்னீர் போதும். முளைகட்டிய மட்கிப் பயறு புனேயில் சுலபமாகக் கிடைக்குமே, மிசல் என்கிற காரக் குழம்புக்குப் போடுவார்களே, அது. வெங்காயத்தோடு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, முதலில் வேகவிட்டுக்கொள்.

அடுத்து, நீ வாங்கும் இட்லி மாவு. வாங்கிய அன்று தோசை நன்றாக வரும். பிறகு புளிப்பு ஏறும், நீ தூக்கிப் போட்டுவிடுகிறாய் என்று நினைக்கிறேன். போடாதே. புளித்த மாவுதான் ஊத்தப்பத்துக்கு லாயக்கு. சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயத்தையே பொடியாக நறுக்கி, இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி கலந்து கனமாக ஊற்று. புளிப்பு மிஞ்சினால் இரண்டு ஸ்பூன் ரவை கலந்து சற்று நேரம் ஊறவிடு. மாவில் உப்பு இருக்கிறதா என்று ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே உப்புப் போடு, சில கம்பெனி மாவில் இருக்கும், சிலதில் இருக்காது. டிசம்பர் குளிரில் மாவு பொங்காமல் கிடந்தால் ராத்திரி பிரிட்ஜுக்கு வெளியே, பாதி காலியாக இருக்கும் பாத்திரத்தில் வைத்துவிட்டுத் தூங்கு.

சட்னிக்கு மிக்ஸி இல்லையே என்பாய். நீ இருக்கும் ஊரில் வறுத்த நிலக்கடலைப் பொடி கடையிலேயே கிடைக்கும், அவர்கள் கோஷிம்பீர் என்கிற பச்சடிக்கும் காய்க்கும் அதைத்தான் போடுகிறார்கள். கெட்டித் தயிரில் நாலு ஸ்பூன் கலந்து, பச்சைமிளகாயும் உப்பும் நசுக்கிப் போட்டு, மேலே சீரகம் தாளித்துக் கொட்டினால் அரைக்காத சட்னி தயார். வெறும் தோசைக்கு இல்லாத சத்தும் இதில் வந்துவிடும்.

ரவை உப்புமா மிக்ஸ், ரவா இட்லி மிக்ஸ் எல்லாவற்றுக்கும் தயிர்தான் மருந்து. இரண்டாம் உலகப் போர் சமயத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்து இட்லி செய்ததாக பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ்காரர்கள் சொல்வார்கள். உளுந்து அரைத்துப் புளிக்க வைக்கிற வேலையைத் தயிர் செய்தது, வாசனைக்குத் தாளிப்பு இருந்தது. தட்டுப்பாட்டுச் சமையல்தான், இன்றைக்கும் ஜனங்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மிக்ஸில் தண்ணீரில் பாதியைக் குறைத்துத் தயிராக ஊற்றிப் பார்.

புளியோதரைப் பேஸ்ட் மட்டும் வேறு ஜாதி. அதில் புளிப்பும் உப்பும் தேவைக்கு மேலேயே இருக்கும். எலுமிச்சையெல்லாம் வேண்டாம். அதில் இல்லாதது வறுத்த மணமும் கடிபடுகிற கடலையும். சாதத்தைத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிடு. கால் ஸ்பூன் வெந்தயமும் ஒரு ஸ்பூன் மல்லியும் வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, டம்ளர் அடியால் நுணுக்கித் தூவு. வெந்தயம் கருகினால் கசந்துவிடும், கண்ணை எடுக்காதே. பேஸ்ட்டைக் குறைவாகவே போட்டுக் கிளறு. வேர்க்கடலையைத் தனியே வறுத்து, சாப்பிட உட்காரும்போது கலந்துகொள், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும். கிளறியதும் சாப்பிடாமல் கால் மணி நேரம் விட்டுவிடு, சோறு புளியை இழுத்துக்கொள்ளும்.

பழைய பிரெட்டோ பாவோ மீந்தால் பிய்த்துப் போட்டு உப்புமா மாதிரி கிண்டிவிடு, தயிர் தெளித்துக்கொள். உறைய வைத்த பரோட்டாவை இளக விடாமல் நேராகக் கல்லில் போடு, வெந்ததும் துணி வைத்து இரண்டு பக்கமும் சேர்த்துத் தட்டினால் அடுக்கு பிரியும். ஆனால் அதை எப்போதாவது வைத்துக்கொள். மைதாவும் கொழுப்பும்தான் அது, நாம் என்ன சேர்த்தாலும் பெரிதாக மாறாது.

ஒரு கணக்கு சொல்கிறேன், பாக்கெட் வாங்கும்போது பார். பின்பக்கம் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, அதாவது சோடியம் 2,000 மில்லிகிராம். 800 போட்டிருந்தால் அந்த ஒரு வேளையிலேயே 2 கிராம் உப்பு போய்விட்டது. அட்டவணை முழுப் பாக்கெட்டுக்கா, 100 கிராமுக்கா என்றும் பார்த்துக்கொள், அங்கேதான் கண் ஏமாறும். உன் ஆச்சிக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர். பாதி மசாலா என்று நான் அடித்துச் சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை.

வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வைக்க வேண்டியது அதிகம் இல்லை. வெங்காயம், முட்டைக்கோஸ், எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், முட்டை, தயிர், நிலக்கடலை. கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வை. கடையில் கடிபத்தா என்று கேள்.

கூரியரில் செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டரும், பருப்புப் பொடியும், அம்மா வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகமும் அனுப்பியிருக்கிறேன். வெங்காயம் நறுக்கக்கூடக் கை வராத ராத்திரி, வடகத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு உதிர்த்து எண்ணெயில் போடு. கடுகு, உளுந்து, பூண்டு, வெங்காயம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. தீயைக் குறைத்துக்கொள், சீக்கிரம் கருகும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடாதே. உன் அறைத் தோழிக்கும் கொடு. சனிக்கிழமை வந்துவிடும் என்றார்கள், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா