பழைய படிவத்தை நகலெடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வு மாணவர்களும் தொண்டு நிறுவனத்தாரும் இப்போது ஓடிகே, கோபோடூல்பாக்ஸ் போன்ற, போனிலேயே கேள்விப் படிவத்தை நிரப்பும் மென்பொருள்களை வைத்துத்தான் வீடு வீடாகத் தகவல் திரட்டுகிறார்கள். போன ஆய்வின் எக்செல் கோப்பை நகலெடுத்து, கேள்விகளை மட்டும் மாற்றி ஏற்றிவிடுவது வழக்கம். அந்தக் கோப்பில் சர்வே (கேள்விகள்), சாய்சஸ் (விடைகள்), செட்டிங்ஸ் (அமைப்புகள்) என்று மூன்று தாள்கள். முதல் இரண்டை எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதை யாரும் திறப்பதில்லை.

அங்கே முதலில் மாற்ற வேண்டியது படிவத்தின் அடையாளப் பெயரான 'ஃபார்ம் ஐடி'. படிவங்களையும் பதில்களையும் வைக்கும் சர்வரான ஓடிகே சென்ட்ரலில் ஒரே புராஜெக்டுக்குள் அதே ஐடியில் இன்னொரு படிவத்தைச் சேர்க்க முடியாது. பிழைச் செய்தி வந்ததும் சிலர் அதைப் பழைய படிவத்தின் டிராஃப்டாக (புதிய வரைவாக) ஏற்றி வெளியிட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டு ஆய்வுகளின் பதில்களும் ஒரே அட்டவணையில் விழும். வெர்ஷனையும் (பதிப்பு எண்) தேதியையும் வைத்துப் பொறுக்கியெடுக்க வேண்டியதுதான்.

நிரப்பிய ஒவ்வொரு படிவத்துக்கும் பெயர் தரும் 'இன்ஸ்டன்ஸ் நேம்' சூத்திரத்தில் நீக்கப்பட்ட கேள்வியின் பெயர் இருந்தால் படிவம் ஏறவே ஏறாது. அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். மொழிப் பிழை அப்படியல்ல. பத்தித் தலைப்பில் வரும் மொழியின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்திலும் மற்றொன்றில் சிறிய எழுத்திலும் தொடங்கினால், மென்பொருள் இரண்டு மொழிகளாக எடுத்துக்கொள்ளும். களத்தில் போனைத் திறந்தால் கேள்வி இருக்கும், விடைகளின் இடத்தில் வெறும் '-' நிற்கும்.

எனவே போன ஆய்வை நகலெடுக்காமல், மொழித் தலைப்புகளும் வழக்கமான விடைப் பட்டியல்களும் மட்டும் உள்ள வெற்றுப் படிவம் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஐடியைக் காலியாக விட்டால் கோப்பின் பெயரே ஐடி ஆகிவிடும். ஆகவே கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே யோசித்து வையுங்கள். வெர்ஷனுக்கு ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் என 2025061501 போலப் பத்து இலக்கம் போதும்.

ஊர்ப் பட்டியலைப் படிவத்துக்குள் திணிக்காமல் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இணைப்பது உத்தமம். அடுத்த மாவட்டத்துக்குப் போகும்போது அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 007 போன்ற குறியீடுகளை எக்செல் 7 ஆக்கிவிடும் என்பதால், முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 'வி007' என்பதுபோல ஆங்கில எழுத்தில் தொடங்குங்கள்.

போன்களுக்கான அமைப்புகளை, களத்தில் படிவம் நிரப்பப் பயன்படும் ஓடிகேயின் கலெக்ட் செயலி க்யூஆர் படமாகத் தரும். அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், அட்மின், சர்வர் கடவுச்சொற்கள் அதில் சேராதபடி தேர்வுக் குறியை நீக்கிவிடுங்கள். சென்ட்ரலில் உருவாக்கும் ஆப் யூசர் (போனில் தகவல் திரட்டுபவருக்கான கணக்கு) க்யூஆரில் கடவுச்சொல் இராது, ஆனால் அனுமதிச் சாவி இருக்கும். பத்துப் பேருக்கும் ஒரே க்யூஆரைக் கொடுத்துவிட்டு, ஒருவர் போன் தொலைந்ததும் அனுமதியை ரத்து செய்தால் மற்ற ஒன்பது பேரின் வேலையும் நின்றுபோகும். ஆளுக்கு ஓர் ஆப் யூசர் உருவாக்குவது சில நிமிட வேலைதான்.

– கள ஆய்வுப் பயிற்சியாளர்கள், திருச்சி