மே மாச டேபிளை வெச்சு சாக்ஸை முடிச்சு கட்டிடாதீங்க

சிகாகோ, மே 2025

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

புது போப் லியோ சிகாகோக்காரர், ஒயிட் சாக்ஸ்ங்கற எங்க ஊரு பேஸ்பால் டீமோட ரசிகர்னு நீங்க கட்டம் கட்டி போட்ட செய்தியை பாத்தேன், ரொம்ப சந்தோஷம், பேஸ்பால் பேரு நம்ம பேப்பர்ல வர்றதே அதிசயமாச்சே. முதல்ல எல்லாரும் அவர் ஊரோட இன்னொரு டீமான கப்ஸோட ரசிகர்னுதான் சொல்லிட்டிருந்தாங்க, கப்ஸ் கிரவுண்டான ரிக்லி ஃபீல்டு வாசல் போர்டுலயே அப்படி எழுதிட்டாங்க, அப்புறம் அவரோட கூடப்பொறந்த அண்ணனே டிவில வந்து கப்ஸெல்லாம் இல்லவே இல்ல, சாக்ஸ்தான்னு அடிச்சு சொன்னப்புறம்தான் அடங்குச்சு. 2005 வேர்ல்டு சீரிஸ் (பேஸ்பாலோட ஃபைனல் தொடர்) முதல் மேட்சுல அவர் ஸ்டாண்டுல உக்காந்திருந்த வீடியோவையும் தேடி எடுத்துட்டாங்க. எல்லாம் சரி, ஆனா செய்தியோட கடைசி வரில 'தோல்விக்கே பேர்போன அணி'ன்னு ஒரு குத்து குத்தினீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

தோத்தது உண்மைதான், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. போன வருஷம், 2024ல, முதல் 25 மேட்சுல மூணே மூணுதான் ஜெயிச்சாங்க, சீசன் முடியும்போது 121 தோல்வி, 1900க்கு அப்புறம் ஒரே சீசன்ல இவ்ளோ தோத்த டீம் வேற கிடையாது. இந்த 2025லயும் டிவிஷன்ல, அதாவது அவங்க குரூப்ல, கடைசி இடம்தான். ஆனா சார், ஐபிஎல்ல லீக் மேட்ச் 14, இங்க 162. மே மாசம் பாதி வரைக்கும் கால்வாசிதான் ஓடியிருக்கும், அதுக்குள்ள டேபிளை பாத்து ஜாதகம் எழுதிட முடியாது. 1987ல மில்வாக்கி ப்ரூவர்ஸ் சீசன் ஆரம்பத்துலயே 13 மேட்ச் வரிசையா ஜெயிச்சாங்க, மே மாசம் 12 மேட்ச் வரிசையா தோத்தாங்க, கடைசில ப்ளேஆஃப்கூட போகல. 2019ல வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 மேட்சுல 31 தோத்துட்டு அந்த வருஷமே வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சாங்க. சாக்ஸ் இந்த வருஷம் அப்படி ஏதாச்சும் பண்ணும்னு நான் சொல்ல வரல, எனக்கு அவ்ளோ பேராசை இல்ல.

நான் சொல்ல வர்றது வேற. உள்ளூர் டீமை ஃபாலோ பண்றவனுக்கு ஏப்ரல், மே மாசத்துல இருக்கற ருசியே தனி, ஃபைனல் நடக்கற அக்டோபர்ல மட்டும் எட்டிப் பாக்கறவங்களுக்கு அது தெரியாது. ரிக்லி ஃபீல்டு காம்பவுண்டு செங்கல் சுவர் பூரா கொடி படர்ந்திருக்கும்ல, போட்டோல பச்சைப்பசேல்னு பாத்திருப்பீங்க, ஏப்ரல்ல போய் பாத்தா அது வெறும் காய்ஞ்ச குச்சி. கோடைல பந்து அந்த இலைக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா பேட்டருக்கு ரெண்டாவது பேஸோட (ஓடி சுத்தி வர்ற நாலு முனைல ரெண்டாவது) சரி, ஏப்ரல்ல செங்கல்ல பட்டு திரும்பி ஓடி வரும், அவுட்ஃபீல்டர் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிப்பான். ஏரிப் பக்கத்துலேர்ந்து குளிர்காத்து உள்ள அடிச்சா ஹோம்ரன்னு (நம்ம சிக்ஸர் மாதிரி) எல்லாரும் எந்திரிச்சு நிக்கற பந்துகூட தொப்புனு கைல விழும். குல்லா, கையுறை, ரெண்டு ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு இதை பாக்கணும், டிக்கெட்டும் ஜூலை விலை இருக்காது.

கப்ஸ் மேட்சுகூட ஒண்ணு சொல்றேன் (நான் சாக்ஸ் ஆளு, இருந்தாலும் நல்லாயிருந்தா நல்லாயிருந்துச்சுன்னு சொல்லணும்ல). ஏப்ரல் 18, புனித வெள்ளி, அரிசோனா டீமோட பகல் மேட்ச். பேஸ்பால்ல ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு டீமும் ஒரு தடவை பேட் பண்ணும். ஏழு இன்னிங்ஸ் முடிஞ்சு கப்ஸ் 7-1னு லீட், சரி முடிஞ்சுதுன்னு வேலையை பாக்க ஆரம்பிச்சேன், எட்டாவதுல அரிசோனா பத்து ரன் அடிச்சு 11-7 ஆக்கிட்டான். அதே இன்னிங்ஸ்ல கார்சன் கெல்லி ஒண்ணு, கைல் டக்கர் ஒண்ணுன்னு ஹோம்ரன் அடிச்சு கப்ஸ் ஆறு ரன் எடுத்து 13-11. ஒரே இன்னிங்ஸ்ல 16 ரன்! ஆபீஸ்ல ஒரு காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு ரேடியோ கேட்டுட்டிருந்தவன் வாய் விட்டு கத்தாம இருந்ததே பெரிய விஷயம். மறுநாள் நம்ம பேப்பர்ல இதைப் பத்தி ஒரு வரி இல்ல.

ரேடியோன்னு ஏன் சொல்றேன்னா டிவி கதை பெரிய தலைவலி. மேஜர் லீக் ஆப்புக்கு காசு கட்டினாலும் உள்ளூர் டீம் மேட்சை உள்ளூர்ல காட்ட மாட்டான், பிளாக்அவுட். சாக்ஸ் மேட்ச் புது சேனலுக்கு போயிருச்சு, என் கேபிள்ல அது வர்றதில்ல, கடைசில பழைய காலத்து மாதிரி ஜன்னல்ல ஆன்டெனா வெச்சு ஓசில பாத்துட்டிருக்கேன்.

அதனால பெருசா ஒண்ணும் கேக்கல. அரைப்பக்கமெல்லாம் வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை கைகடிகாரம் அளவுக்கு ஒரு சின்ன கட்டம், அதுல ஸ்கோரு, யார் பிட்ச் பண்ணாங்க, அடுத்த வாரம் யாரோட மேட்ச், அவ்ளோ போதும், இங்க இருக்கற நம்மாளுங்க நிறைய பேர் பசங்களோட ரெட் லைன் ட்ரெயின் புடிச்சு மேட்சுக்கு போறவங்கதான், ரெண்டு டீம் கிரவுண்டும் அதே லைன்லதான் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை, 16ம் தேதி, ரிக்லில சாக்ஸும் கப்ஸும் மூணு நாள் மோதறாங்க. எங்க சாக்ஸ் மூணும் தோத்தாலும் பரவால்ல, திங்கக்கிழமை பேப்பர்ல ஸ்கோரை போட்டுருங்க சார்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்,
சிகாகோ