சிக்கிமுக்கித் துப்பாக்கியும் நம்மூர்த் திரியும்

லான்காஸ்டர், பென்சில்வேனியா
டிசம்பர் 14

அன்பு மாப்ளே,

போன வாரம் கோபமாகப் போனை வைத்துவிட்டாய். "வெடிமருந்து வாசமே வேண்டாம்னு ஓடிப்போனவன், இப்ப காசு கொடுத்து அதையே வாங்குறியா?" என்று நீ கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. நேற்று சுடுதளத்தில் ஒன்று நடந்தது. அதை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவனுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்று. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அக்கா சொன்னாள், நிம்மதி. நீ அனுப்பிய சாத்தூர் சேவு வந்த அன்றே தீர்ந்தது. கால் கிலோ அனுப்புகிறவன் எல்லாம் ஒரு நண்பனா? அடுத்த தடவை இரண்டு கிலோ.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

இங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மான் வேட்டைக்கு இன்னொரு பருவம் தொடங்கும். அதில் துப்பாக்கி என்றால் சிக்கிமுக்கித் துப்பாக்கி மட்டும்தான். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டும்; கல் இரும்பில் உரசிப் பொறி பறக்க வேண்டும். 1974-இலிருந்து இப்படி ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். நாம் சின்ன வயதில் நரிக்குறவர் தாத்தாவின் தோளில் பார்த்த நாட்டுத் துப்பாக்கியின் மூத்த தலைமுறை என்று வைத்துக்கொள். 1700-களில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்து குடியேறிய கைவினைஞர்கள் இந்த லான்காஸ்டர் பக்கத்தில்தான் அந்த நீளக்குழல் ரைபிளைச் செய்தார்கள். என்னுடையது அதன் நகல். இத்தாலியில் செய்தது, குழல் மட்டும் மூன்றடிக்கு மேல் இருக்கும். வாங்கும் முன்பே வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸும் எடுத்துவிட்டேன். இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும்: பக்கத்துப் பண்ணைத் தாத்தா. 46 வருஷமாக இந்தப் பருவத்தில் காட்டுக்குப் போகிறவர், அந்த மனுஷன்.

மருந்து என்ன தெரியுமா? வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. நம் தெருவில் பட்டாசுக்குக் கருந்திரி சுற்றியவர்கள் விரலெல்லாம் அப்பியிருந்ததே, அதே கருமருந்துதான். முதல் சூடு சுட்டு வெள்ளைப் புகை கிளம்பியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்ளே. தீபாவளி அன்று விடியற்காலை நாலு மணிக்கு நம் தெரு எப்படி மணக்கும், அப்படியே மணந்தது. இதைப் போனில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ திட்டுவதற்குள் வாய் வரவில்லை.

முதல் நாள் முழுக்கத் துணியோடு போராட்டம். ஈயக் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியது. எடை பதினொன்றரை கிராம், ஏறக்குறைய ஒன்றரைப் பவுன். அதை எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் பொதிந்து, தடியால் இடித்து, மருந்தின் மேல் போய் உட்காரும்வரை இறக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழலே கிழியலாம். அதற்காகத் தடியில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோடு குழலின் வாய்க்கு வந்தால்தான் மேற்கொண்டு வேலை. குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளை அந்தத் துணிதான் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றி விடுகிறது. 50 கெஜத்தில் என் குண்டுகள் தட்டு அகலத்துக்குச் சிதறின. கல்லை மாற்றினேன், மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து கெஜம் நடந்துபோய், விழுந்து கிடந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மேஜையில் பரப்பினார். எல்லாம் ஓரம் கிழிந்து, நடுவில் கருகி ஓட்டை. "துப்பாக்கி பேசிவிட்டது, நீ படிக்கவில்லை" என்றார்.

உன் தங்கச்சி தையல் மிஷின் வைத்த புதிதில் நூலைப் பார்த்தே ஊசியின் கோளாறு சொல்வாளே, அது ஞாபகம் வந்தது. மெத்தை உறைக்கு வரும் கெட்டித் துணி வாங்கி வெட்டினேன். மருந்து 70 கிரெய்ன், நம் கணக்கில் நாலரை கிராம். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு ஈரத் துணியால் குழலைத் துடைத்தேன். நாலாவது தடவை சுடுதளத்துக்குப் போனபோது ஐந்து குண்டும் மூன்று அங்குலத்துக்குள் விழுந்தன. துணியைப் பொறுக்கிப் பார்த்தேன்: ஓரம் மட்டும் பிரிந்து, நடுவில் கிழியாமல், இன்னொரு தடவை பயன்படுத்தலாம் போல இருந்தது. அந்த ஐந்து துணிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று நடந்தது இதுதான். காலையில் நல்ல குளிர், காற்றில் ஈரம். மருந்துக்கு ஈரம் ஆகாது என்று உனக்கு நான் சொல்லவே வேண்டாம். கல்லுக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் மிக நைஸான மருந்து சிட்டிகையளவு போட வேண்டும். அது பற்றி எரிந்து, பக்கத்துத் துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்தைக் கொளுத்தும். ஈரத்தை நினைத்து நான் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். குறி பார்த்து விசையை இழுத்தேன். கிண்ணத்தில் புஸ் என்று எரிந்தது. அவ்வளவுதான், வெடி இல்லை. 'சரி, போச்சு' என்று தலையைத் தூக்கி, குழலைத் தாழ்த்தப் போனேன். தாத்தா பக்கத்திலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்தார். பிடித்த அந்த நொடியில் வெடித்தது, மாப்ளே. குண்டு இலக்குக்கு முன்னால் மண்ணில் புதைந்தது. அவர் பிடித்திராவிட்டால் குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

ஏழாம் வகுப்புத் தீபாவளி. உன் இடது புருவம். அணைந்த புஸ்வாணத்தின் மேல் நீ குனிந்தாய், நான் பின்னாலிருந்து "ஒண்ணுமில்லடா, பாரு" என்றேன். அன்றைக்கு உன் அப்பா என்னை அடிக்கவில்லை. மண்டியிட்டு என் கண்ணைப் பார்த்து, "அணைஞ்ச மருந்துன்னு ஒண்ணு கிடையாதுடா" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷமாக அந்தச் சொல் எனக்குள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று தேவைப்பட்ட ஒரு விநாடியில் அது வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் தாமதித்தது என்று தாத்தா பிறகு காட்டினார். கிண்ணத்தை நிறைத்ததில் துளைக்குள்ளும் மருந்து புகுந்து அடைத்துக்கொண்டது. துளை காலியாக இருந்தால் நெருப்பு ஒரே தாவாக உள்ளே தாவும். மருந்து அடைத்திருந்தால் அது மணி மணியாக எரிந்துதான் உள்ளே போக வேண்டும். அதாவது துளையே ஒரு திரியாகிவிடுகிறது. எவ்வளவு திரிக்கு எவ்வளவு நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஊரில் பிறந்தவனுக்கு, பென்சில்வேனியாவில் ஒரு சோளப் பண்ணைக்காரர் திரியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக, துளையை விட்டுத் தள்ளிப் போடுகிறேன். சுடும்முன் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி மனசுக்குள் அறுபது எண்ணுகிறேன். நேற்று சாயங்காலம் இப்படிப் பதினோரு சூடு சுட்டேன். பதினொன்றும் கல் விழுந்த உடனே வெடித்தன.

இவ்வளவு ஆபத்து எதற்கு என்று கேட்பாய். போன நவம்பரில் இருட்டில் ஒரு பெண்மான் என் காருக்குக் குறுக்கே பாய்ந்ததைச் சொன்னேன் அல்லவா? முழுக்கச் சொல்லவில்லை. அது உடனே சாகவில்லை. போலீஸ்காரர் வரும்வரை இருபது நிமிஷம் சாலையோரம் அதன் பக்கத்தில் நின்றேன். இங்கே மான்களைத் தின்ன ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை. எண்ணிக்கை பெருகி, காட்டில் கன்று மரங்கள் தலையெடுக்க விடாமல் மேய்ந்து, சாலையில் இப்படிச் சாகின்றன. கறி தின்கிறவன் நான். தின்கிற கறிக்கு நானே பொறுப்பாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு குண்டுதான். மறுபடி கெட்டிக்க அரை நிமிஷமாவது ஆகும், அதற்குள் அடிபட்ட மான் எங்கோ போய்விடும். அதனால் 50 கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை, ஓடும் மானைச் சுடுவதில்லை, கிண்ணத்தில் மருந்து நனைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சுடுவதில்லை. தாத்தாவிடமும் சொல்லிவிட்டேன், உனக்கும் எழுத்தில் கொடுக்கிறேன்.

உன் அப்பாவிடம் நேற்று நடந்ததைச் சொல்வாயா? நானே சொல்ல நினைத்தேன், குரல் வராது என்று பயமாக இருக்கிறது. அவருக்கு இப்போது காது எப்படி இருக்கிறது? சத்தமாகப் படித்துக் காட்டு. திட்டினால் என்ன திட்டினார் என்று அப்படியே எழுது, ஒரு வார்த்தை விடாமல்.

26-ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் காட்டின் ஓரத்தில் இருப்பேன். உனக்கு அப்போது மாலை ஐந்தரை. மதியம் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுகிறேன், தூங்கிவிடாதே. மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூப்பிடுவேன். கோபம் மிச்சம் இருந்தால் அன்றைக்குத் திட்டு, ஆனால் போனை எடு.

அப்புறம், சின்னவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அக்கா ஒன்று சொல்கிறாள், டிராயிங் சார் பேஸ்புக்கில் வேறொன்று போட்டிருக்கிறார்.

உன்,
மாப்ளே