‘கொப்புளம் வராது’ என்று விற்ற காலுறை குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் ‘தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான், ஒரு புள்ளிகூட மாறாமல், பதிலாக வந்தது.

வெள்ளியங்கிரி ஏறுவதற்காகத் தங்கள் மலையேற்றக் காலணியையும், ‘இரட்டை அடுக்கு’ என்று சொல்லப்பட்ட காலுறைகளையும் 7,400 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளடுக்கு தோலோடு ஒட்டி நிற்க, உராய்வு இரண்டு துணிகளுக்கு நடுவிலேயே முடிந்து தோல் தப்பிக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு வந்ததோ ஒற்றை அடுக்கு. உள்ளே தைத்திருந்த சீட்டில் 80 சதவீதம் பருத்தி என்றிருந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் அதைப் படித்தேன், அது என் தவறென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பருத்தியை நீண்ட நடைக்கு அணியாதீர்கள் என்று தங்கள் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அதை எழுதியவரும் காலுறையைப் பெட்டியில் வைத்தவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலும்.

‘பழக்கமில்லாதவர்கள் மலை ஏறினால் செருப்புக்கடி வரத்தான் செய்யும்’ என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், அரை அளவு பெரிதாகப் பார்த்து வாங்கி, மூன்று வாரம் தினமும் நடந்து பழக்கிய காலணி அது. கைதட்டிச் சுனைக்கு அருகே குதிகாலில் எரிச்சல் தொடங்கியதுமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டினேன். நனைந்த காலுறை அதை அரை மணி நேரத்தில் உரித்துவிட்டது. வெறுங்காலோடு மூங்கில் கழி ஊன்றி வந்த பெரியவர்கள் என்னைத் தாண்டி ஏற, நான் திரும்பி இறங்கினேன். மே மாதத்தோடு மலைக்கு அனுமதி முடிந்துவிடும். என் ஓராண்டு வேண்டுதலை எந்த நிறுவனம் திருப்பித் தரும்?

கட்டுப் போட்ட கால்களோடு திருப்பூரிலிருந்து இரண்டு பேருந்து மாறித் தங்கள் கோவை மையத்துக்கு வந்தபோது, துவைத்த காலுறையைப் பெற இயலாது என்றார்கள். வியர்வையும் நிணநீரும் ஊறிய துணியைப் பத்து நாள் அப்படியே வைத்திருக்க வேண்டுமாம்!

முழுத் தொகையையும், அந்த ஊழியரின் எழுத்துபூர்வமான வருத்தத்தையும் 15 நாட்களுக்குள் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவேன். காலுறையும் சீட்டும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்