உன் டெபுடிக்கும் காது உண்டு

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய நாடகப் பிரதியை முழுவதும் படித்துவிட்டேன். 1880களின் அரிசோனாவில் ஒரு சிற்றூர், அங்கே காவல் தலைவரான ஒரு ஷெரீப், அவருக்கு உதவியாளனாகக் கோமாளித்தனமான ஒரு டெபுடி, குதிரைக் கொட்டிலின் பின்புறம் கிடக்கும் கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவரின் உடல் என்று நீ தேர்ந்துகொண்ட களம் எனக்கு எவ்வளவு பிடித்தமானது என்பதை நீ அறிவாய். உன் மாமா வாங்கிவரும் சிவகாசி காமிக்ஸ்களில் சிக் பில் கதை இருந்தால் அதைத்தான் நான் முதலில் எடுப்பேன். முன்கோபக்காரரான ஷெரீப் டாக்புல்லும், வெள்ளந்தியான டெபுடி ஆர்டினும் வுட்சிட்டியில் அடித்த கூத்துகளைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே தமிழ்நாட்டில் உண்டு. பிரெஞ்சு மொழியில் திபே என்ற ஓவியர் 1950களில் உருவாக்கிய அந்த இருவரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலவே ஆகிவிட்டார்கள். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக அமர்ந்து கொலை வழக்குக் கட்டுகளை எண்ணிட்டு அடுக்கியவள் என்பதால், சிரிப்பின் பக்கத்திலிருந்தும் வழக்கின் பக்கத்திலிருந்தும் உன்னிடம் சொல்வதற்கு எனக்குச் சில செய்திகள் இருக்கின்றன.

முதலில் டெபுடியைப் பற்றிச் சொல்கிறேன். அவன் குதிரையிலிருந்து விழுகிறான், கொதிக்கும் காபியை ஷெரீபின் மடியில் கொட்டுகிறான், தன் தொப்பியைத் தானே சுட்டுக்கொள்கிறான். மேடையில் இவை அனைத்துக்கும் சிரிப்பு எழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவனை நாடகத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டாலும் ஷெரீப் அதே கொலையாளியை அதே இடத்தில் பிடித்துவிடுகிறார். துப்பறியும் கதையில் அப்படி ஒரு பாத்திரம் இருக்கக் கூடாது. 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி இருபது பருவங்கள் ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரில், காவல் அதிகாரியான மார்ஷலின் துணையாளாக நடித்த டென்னிஸ் வீவர் ஒரு கால் மடங்காத மனிதராகவே அந்தப் பாத்திரத்தை அமைத்துக்கொண்டார். உடல் வலுவுள்ள ஒருவன் சண்டையின்போது ஏன் மார்ஷலுக்குப் பின்னால் நிற்கிறான் என்ற கேள்விக்கு அந்தக் கால் விடையாக இருந்தது. உன் டெபுடியின் தடுமாற்றத்துக்கும் அப்படி ஒரு காரணமும், அதைவிட முக்கியமாக ஒரு பயனும் இருந்தாக வேண்டும்.

அந்தப் பயன் என்னவென்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: தான் பார்த்துச் சிரிக்கும் ஓர் ஆளின் முன்னால் எவரும் நாக்கை அடக்குவதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறியதும் "எனக்கு எதுவும் தெரியாதுங்க ஐயா" என்று பிறழ் சாட்சியாக மாறியவர்கள், இறங்கி வந்து வராந்தாவில் டவாலியிடம் பீடிக்கு நெருப்பு வாங்கும்போது நடந்தது முழுவதையும் கொட்டிவிடுவதை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். நீதிபதியின் முன் விறைத்து நின்ற அதே மனிதர், தனக்கு எந்தக் கெடுதலும் செய்ய இயலாதவர் என்று தோன்றிய ஒருவரிடம் மடை திறந்தாற்போலப் பேசுவார். உன் ஷெரீபின் மார்பில் உலோக நட்சத்திரம் மின்னுகிறது. ஊரே அவர் முன் வாயை மூடிக்கொள்ளும். டெபுடியோ சலூன் எனப்படும் மதுக்கடையின் மூலையில் தன் கிழிந்த பூட்ஸைத் தைத்துக்கொண்டிருக்கட்டும். அவனைக் கேலி செய்வதற்காகவே நான்கு பேர் அவனருகே வந்து அமர்வார்கள். அப்படி அமர்ந்தவர்களில் ஒருவன் தன்னை அறியாமல் ஒரு பெயரை உதிர்ப்பான். குடிகாரர்கள் அவனை எவ்வளவுக்கு எவ்வளவு இளக்காரமாக நினைக்கிறார்களோ, அவ்வளவுக்கு வழக்கு முன்னே நகரும்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அடிமையாகப் பிறந்து, 1875 முதல் 1907 வரை டெபுடி மார்ஷலாக இருந்த பாஸ் ரீவ்ஸ், அமெரிக்கப் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டிருந்த, இன்றைய ஒக்லஹோமாவின் பகுதியான அன்றைய இந்தியப் பிரதேசத்தில் குற்றவாளிகளைத் தேடி அலைந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிடியாணைகளைப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுவார். ஒரு முறை இரண்டு சகோதரர்களைப் பிடிப்பதற்காகக் குதிரையைத் தொலைவிலேயே விட்டுவிட்டு, நைந்த செருப்பும் குண்டு துளைத்த பழைய தொப்பியுமாக 28 மைல் நடந்து, அவர்களுடைய தாயின் வீட்டு வாசலில் பசித்த நாடோடியாகப் போய் நின்றார் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தாய் அவருக்குச் சோறிட்டுத் தங்கவும் இடம் கொடுத்தார். இரவில் வந்து சேர்ந்த மகன்கள் உறங்கியபோது அவர்கள் கைகளில் விலங்கு பூட்டப்பட்டது. ஆக, அந்த ஒரு மனிதரிடம் உன் ஷெரீபும் உன் டெபுடியும் சேர்ந்தே இருந்தார்கள். மருமகளைக் கொன்ற தன் சொந்த மகனையே 1902இல் கைது செய்து ஒப்படைத்தவரும் அவர்தான் என்பதை எழுதும்போது எனக்குக் கை சற்று நின்றுவிட்டது.

அடுத்து, கொலையைப் பற்றி. எல்லைப்புறக் கொலை எப்படி இருந்தது என்பதை உணர, நியூ மெக்ஸிகோவில் நடந்த ஆல்பர்ட் ஃபவுண்டன் வழக்கைப் படித்துப் பார். அவர் ஒரு வழக்கறிஞர். பில்லி தி கிட் என்ற பெயர்பெற்ற கொள்ளையனுக்காக 1881இல் வாதாடியவரும் அவரே. கால்நடைத் திருட்டு வழக்கில் சில பண்ணைக்காரர்கள் மீது குற்றச்சாட்டு வாங்குவதற்காக 1896 ஜனவரியில் லிங்கன் நகரத்துக்குச் சென்றார். சிறுவன் உடனிருந்தால் எவரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி, எட்டு வயது மகன் ஹென்றியையும் வீட்டார் அவருடன் அனுப்பிவைத்தார்கள். பிப்ரவரி 1ஆம் நாள், திரும்பும் வழியில், சட்டர்னினோ பரேலா என்ற தபால் வண்டிக்காரர் அவர்களை எதிர்கொண்டார். தொலைவில் மூன்று குதிரைக்காரர்கள் தென்படுவதை ஃபவுண்டன் அவரிடம் காட்டினார். இன்று இரவு தங்கிவிட்டு நாளைக் காலை என்னுடன் சேர்ந்து வாருங்கள் என்று பரேலா கேட்டுக்கொண்டார். பையனுக்குச் சளி பிடித்திருக்கிறது, விரைவில் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஃபவுண்டன் வண்டியை ஓட்டிச் சென்றார். மறுநாள் அதே வழியாக வந்த பரேலா, வண்டித் தடம் பாதையை விட்டு விலகிச் செல்வதைக் கண்டார். தேடிச் சென்றவர்களுக்குக் கிடைத்தவை காலி வண்டியும், தோட்டா உறைகளும், சிதறிய காகிதங்களும், மணலில் உறைந்த இரத்தமும் மட்டுமே. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. பில்லி தி கிட்டைச் சுட்ட பாட் காரெட் ஷெரீபாக வந்து விசாரித்தும், 1899இல் சிறுவனைக் கொன்றதாக ஹில்ஸ்பரோவில் விசாரிக்கப்பட்ட இருவரையும் ஜூரி சில நிமிடங்களில் விடுவித்துவிட்டது.

அந்த வழக்கில் அனைவரையும் விட அதிகம் அறிந்திருந்தவர் ஒரு தபால் வண்டிக்காரர் என்பதை நீ கவனிக்க வேண்டும். பெரிய பண்ணை வீட்டுத் திண்ணையில் ஷெரீப் தொப்பியைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருக்கும் வேளையில், வண்டிக்காரருடனும், கொல்லருடனும், துணி வெளுக்கும் பெண்ணுடனும் பேசக்கூடியவன் உன் டெபுடிதான். அவனுக்கு அரைகுறை ஸ்பானிய மொழி தெரியும் என்று வைத்துக்கொள். அவன் பேசும் ஸ்பானிய மொழியைக் கேட்டு அவர்கள் சிரிக்கட்டும்; சிரித்துவிட்டுத் திருத்தட்டும்; திருத்தும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடட்டும்.

மூன்றாம் காட்சியில் ஷெரீப் விஸ்கிக் குவளையிலிருந்து கைரேகை எடுப்பதை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடு. கைரேகைக்கென்று ஓர் அலுவலகம் கல்கத்தாவில் 1897இல்தான் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் கைரேகைச் சான்றின் பேரில் கிடைத்த கொலைத் தண்டனையை இல்லினாய் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1911இல்தான். உன் ஷெரீபுக்கு உதவக்கூடியவை குளம்புத் தடமும், லாடத்தில் விடுபட்ட ஆணியும், தந்தியும், மனிதர்களின் பேச்சும்தான். தோட்டா உறையைக்கூட எளிதில் நம்பிவிட இயலாது. 1873ஆம் ஆண்டு வகை வின்செஸ்டர் துப்பாக்கிக்கும், பின்னர் வந்த ஒரு வகைக் கோல்ட் கைத்துப்பாக்கிக்கும் ஒரே 44-40 தோட்டாதான். மக்கள் அதை விரும்பி வாங்கியதே இரண்டுக்கும் ஒரே பெட்டியைச் சுமந்தால் போதும் என்பதற்காகத்தான். ஆகவே, கீழே கிடந்த உறையை வைத்துக்கொண்டு, சுட்டவன் தொலைவிலிருந்து சுட்டானா, அருகில் நின்று சுட்டானா என்று உன் ஷெரீப் குழம்புவதற்கு நியாயம் உண்டு. அந்தக் குழப்பத்தை நீ பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஷெரீப் ஏன் தயங்குகிறார் என்பதற்கும் வலுவான காரணம் வேண்டும். நீ அவரைக் கோழை என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். அரிசோனாவில் 1881இல் உருவான கோச்சீஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஷெரீப்தான் வரி வசூலிப்பவரும். வசூலில் 10 விழுக்காடு அவருக்கு. அதிக வரி செலுத்துபவர் பெரிய பண்ணைக்காரர். அடுத்த தேர்தலில் வாக்குகளைத் திரட்டித் தருபவரும் அவரே. கொலையுண்டவரோ சொத்து ஏதும் இல்லாத கூலி. இதை வைத்துவிட்டால் ஷெரீபின் ஒவ்வொரு மௌனத்துக்கும் கனம் கூடும். அவர் இறுதியில் எழுந்து நிற்பதும் மனத்தில் பதியும்.

எனக்கு உன் பிரதியில் உண்மையாகவே வருத்தம் அளித்தது ஒன்று உண்டு. இறந்தவருக்குப் பெயர் இல்லை. எங்கும் "பிணம்" என்றே இருக்கிறது. டெபுடி அதன் கால் தடுக்கி விழும்போது சிரிப்பு எதிர்பார்க்கப்படுகிறது. பிரேத விசாரணை அறிக்கையில் உடலின் அடையாளங்களையும் ஆடைகளையும் விரிவாக எழுதுவார்கள். நீலக் கோடு போட்ட லுங்கி, இடுப்பில் அரைஞாண் கயிறு, வலது கையில் பழைய தழும்பு என்று அந்த வரிகளைப் படிக்கும்போதுதான் கட்டுக்குள் இருப்பவர் ஒரு மனிதர் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கும். உன் நாடகத்தின் ஊரிலும் இறப்பின் காரணத்தை விசாரிக்கும் கரோனரும் ஜூரிகளும் உடலைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தக் காட்சியை டெபுடியிடம் கொடு. அவன் இந்த வேலைக்கு வருமுன் கிணற்று வேலையில் எடுபிடியாக இருந்தவன் என்றும், அதற்காகவே ஊரார் அவனை ஏளனம் செய்கிறார்கள் என்றும் முன்பே காட்டிவிடு. அரிசோனாப் பாலை நிலத்தில் மேல் மண்ணுக்கு அடியில், கலீச்சி எனப்படும் வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறை படிந்திருக்கும். கடப்பாரைக்கும் எளிதில் அசையாது. இறந்தவரின் நகக்கண்களில் அந்த வெள்ளைப் பொடி. கொட்டிலின் பின்புறமோ சாணமும் செம்மண்ணும். இவர் இங்கே சாகவில்லை, புதிதாகத் தோண்டிய குழியருகே செத்து இங்கே கொண்டுவரப்பட்டார் என்று டெபுடி தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, அதுவரை சிரித்த அவையும் அவனைப் பார்க்கும். தண்ணீர் எங்கே கிடைத்தது, யாருடைய மாடுகள் அங்கே குடிக்கின்றன என்ற கேள்விகள் பின்னாலேயே வந்துவிடும்.

கடைசியில் அனைவரையும் சலூனில் கூட்டிவைத்து ஷெரீப் கொலையாளியை அறிவிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உள்ளூர்க் கீழ்நிலை நீதிபதியான ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸின் முன் ஒரு முதல்நிலை விசாரணை நடக்கட்டும். வண்டிக்காரரும் கொல்லரும் சாட்சி சொல்வார்களா, பின்வாங்குவார்களா என்பதில் பார்வையாளர்களின் மூச்சு நிற்கட்டும். டெபுடி அங்கே தன் அரைகுறை ஸ்பானிய மொழியில் அவர்களுக்குத் துணை நிற்கலாம். அவன் தவறாகச் சொல்லும் ஒரு சொல்லுக்குச் சாட்சியே சிரித்துவிடுவார், பயம் தெளிந்து பேசத் தொடங்குவார். தீர்ப்பு என்னவாகும் என்பதை உன்னிடமே விடுகிறேன்; ஹில்ஸ்பரோவில் நடந்ததைப் போல முடித்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

பிரேத விசாரணைக் காட்சியை முதலில் எழுதி அனுப்பு. மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிணறு வெட்டியவருக்கு ஒரு பெயரும், அவர் சட்டைப் பையில் என்ன இருந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா